கறுப்பு வளையல் வந்த கதை

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
17-3-1966

என் செல்ல மகள் லீலாவுக்கு அம்மா பூவம்மா எழுதுறது. இங்க அப்பா, தம்பி, நான் மூணு பேரும் மாரியம்மா புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்கிறதும் அங்க குளிருல நோய் நொடி இல்லாம இருக்கணும்னு விளக்கேத்தும்போதெல்லாம் கேட்டுக்குறேன். உன் கடுதாசி போன வாரம் வந்துச்சு. உடனே பதில் போடணும்னுதான் உட்கார்ந்தேன், ஆனா அந்த நீல ஏர்மெயில் காயிதத்துல நாலு வரி எழுதுறதுக்குள்ள மடிக்கிற இடம் வந்துடுது, எனக்கு உன்கிட்ட சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. நல்லவேளையா நம்ம வளையல் கடை உம்மு சல்மா லாத்தா, எனக்குக் கூடப் பொறக்காத அக்கா, அவங்க தங்கச்சி மகன் முகம்மது யூசுப் சட்டம் படிக்க லண்டனுக்குப் போறான். இந்தக் கடுதாசியையும் ஒரு பார்சலையும் அவன் கையில கொடுத்து விடுறேன். ரயில் ஏறி லீட்ஸுக்கே வந்து கொடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான், நல்ல பையன், வந்தா வயிறு நிறைய சோறு போடு. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, தைலம் தேய்க்கச் சொன்னா நாத்தம்ங்கிறார். தம்பிக்கு ஜூரோங்குல புதுசா வந்த பேக்டரியில கிளார்க்கு வேலை கிடைச்சிருக்கு, காலையில பஸ்ஸுக்கு ஓடுற ஓட்டத்துல பாதி நாள் பசியாறாமலே போயிடுறான். லிஃப்டு போன மாசம் பூரா கெட்டுக் கிடந்து இப்பத்தான் ஓடுது.

நீ எழுதினதுல முதல் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அங்க இருக்கிற இந்திய மாணவருங்க ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் காட்டினாங்க, குளிருக்குக் கோட்டைக் கழட்டாமலே உட்கார்ந்து பார்த்தோம், படத்துல ஒரு அம்மா அடுப்படியில இருந்து மகளைத் திட்டிக் கூப்பிட்டதும் அழுதுட்டேன்னு எழுதியிருந்தே. அடிப்பாவி, நான் எத்தனை வருஷம் அடுப்படியில இருந்து தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பியா. யாரோ ஒருத்தி மெட்ராஸ் ஸ்டூடியோவுல நின்னு கத்தினா உனக்கு அழுகை வருது. சரி, வரட்டும், அழுதது என்னை நினைச்சுத்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்த மெட்ராஸ்காரம்மாவும் அழுதாங்க, அவங்க டாக்டர் வீட்டம்மா, படம் முடிஞ்சு எங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காப்பி கொடுத்தாங்கன்னு படிச்சதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. அப்புறம்தான் ரெண்டாவது பக்கம். எனக்கு இது ஏழாம் மாசம், எங்க வீட்டுல வளைகாப்புக்குக் கறுப்புக் கண்ணாடி வளையல்தான் அடுக்குவாங்கன்னு நீ சந்தோஷமா சொல்ல, அந்தம்மா கப்பைக் கீழே வச்சுட்டு, கறுப்பா, நல்ல காரியத்துக்கா, இது எந்த ஊர் வழக்கம், யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேட்டிருக்காங்க. சிவப்பும் பச்சையும்தான் மங்கலம், வேணும்னா கண்ணு படாம இருக்க ஒண்ணே ஒண்ணு கறுப்பு சேர்ப்பாங்க, கை பூரா கறுப்பு போட்டா ஆகாதேன்னும் சொல்லியிருக்காங்க. அதுக்குக் கீழதான் நீ இதைக் கேட்டிருந்தே. "அம்மா, இது யாரோட வழக்கம்? நீ கொடுத்தனுப்பின கறுப்பு வளையலைத்தானே போன வருஷம் நான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அதனாலதான் தங்கலையா?" உங்க அப்பா அந்த இடத்தை வாசிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, திரும்பவும் போட்டு வாசிச்சாரு, எழுந்து பால்கனிக்குப் போயிட்டாரு. எனக்கு அந்த மெட்ராஸ்காரம்மா மேல வந்த கோபம் இருக்கே, அதைக் காயிதத்துல எழுதக் கூடாது. இனிமே எனக்கு வளையலே வேண்டாம், எதையும் முன்கூட்டிச் செய்ய வேண்டாம், பிள்ளை கையில வந்த பிறகு பார்த்துக்கலாம்னு நீ முடிச்சிருந்தே. அப்படி விட முடியாது கண்ணு. அது யாரோட வழக்கம்னு கேட்டேல்ல, சொல்றேன், முழுசாக் கேளு.

அது சினிமா வழக்கம். சத்தியமாத்தான் சொல்றேன், சிரிக்காதே. நாம கம்போங் கப்பூர்ல மேல்மாடி அறையில குடியிருந்தோமே, கீழே நாகூர் கனி அண்ணனும் சல்மா லாத்தாவும் வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு விக்கிற கடை வச்சிருந்தாங்களே, அப்ப நடந்தது. உன் லட்சுமி சித்தி முழுகாம இருந்தா. அவளுக்கும் அதுக்கு முந்தி ஒண்ணு தங்காமப் போச்சு, நீ சின்னப் பிள்ளை, உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டோம். அதனால ரெண்டாவது தடவை அவ மாடிப்படி இறங்கவே பயந்தா, சிரிக்கப் பயந்தா, பிள்ளைக்குத் துணி எடுக்கப் பயந்தா, இப்ப நீ பயப்படுறியே அதே மாதிரி. எங்க அம்மா நாங்க சிறுசா இருக்கும்போதே போயிட்டாங்க. இவளுக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டு நாலு பேரு வாழ்த்தணும்னு எனக்குத் தெரியுமே தவிர, எப்படிப் போடணும், யாரு முதல்ல போடணும், தட்டுல என்ன வைக்கணும், ஒண்ணும் தெரியாது. நீ என் வயித்துல இருந்தப்ப எனக்கு யாரும் போட்டதில்லை, ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பிச்ச நேரம் அது. அந்த மாடியில இருந்த பொம்பளைங்க எல்லாரும் என்னை மாதிரி இங்கயே பொறந்தவங்க, அவங்களுக்கும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணாத்தான் தெரியும். ஊருக்குக் கடுதாசி போட்டுக் கேட்கலாம்னா எங்களுக்கு ஊர்ல யாரு இருக்கா. அப்பத்தான் நார்த் பிரிட்ஜ் ரோட்டு தியேட்டருக்கு ஒரு படம் வந்துச்சு. அதுல கதாநாயகிக்கு வளைகாப்பு, ஒரு முழுப் பாட்டு நீளத்துக்கு விலாவாரியாக் காட்டுறான்னு பார்த்துட்டு வந்தவங்க சொன்னாங்க.

அவ்வளவுதான், மத்தியானக் காட்சிக்குக் கிளம்பிட்டோம். முதல் தடவை போனப்ப கதையிலேயே மனசு போயிடுச்சு, அந்தப் பொண்ணோட மாமியார்காரி படுத்துற பாட்டுல எல்லாரும் அழுதுட்டு, வளைகாப்பை ஒழுங்காப் பார்க்காமலே திரும்பி வந்துட்டோம். சல்மா லாத்தாதான் இது சரிப்படாது, ஆளுக்கு ஒரு வேலையாப் பிரிச்சுக்குவோம்னு சொன்னாங்க. அடுத்த தடவை போனப்ப நான் தட்டைப் பார்க்கணும், என்னென்ன இருக்கு, எந்த வரிசையில எடுக்குறாங்கன்னு. இன்னொருத்தி வந்தவங்க யாரு எங்க உட்கார்றாங்கன்னு பார்க்கணும். வளையல் கடைக்காரங்கங்கிறதால வளையல் லாத்தா பொறுப்பு. உனக்கு என்ன வேலை கொடுத்தோம்னு ஞாபகம் இருக்கா? பாட்டு. நீதான் பள்ளிக்கூடத்துல பாட்டுக்குப் பரிசு வாங்கினவளாச்சே, மூணே தடவையில பூராவும் மனப்பாடம் பண்ணிட்டே. வாசல்ல கச்சாங் பூத்தே, வறுத்த கடலை விக்கிறவர் எங்களைப் பார்த்துப் பார்த்து, ஏம்மா படம் அவ்வளவு நல்லாவா இருக்கு, நானும் வியாபாரத்தை விட்டுட்டு உள்ளே வரட்டுமான்னு கேட்பாரு. அழகான கதாநாயகன் வந்து நின்னு வசனம் பேசுவான், எங்க வரிசையில ஒருத்தி கூட அவனைப் பார்க்க மாட்டா, வளைகாப்பு எப்ப வரும்னு கால் மேல கால் போட்டுக் காத்திருப்போம்.

படம் கறுப்பு வெள்ளை. அன்னைக்கு எல்லாப் படமும் அப்படித்தான். இலையில மூணு சாதம் குவிச்சிருந்தாங்க. வெள்ளையா இருந்தது தயிர்ச்சாதம்னு யாரும் சண்டை போடலை. கறுப்பா இருந்தது புளிச்சாதம். நடுவுல ஒண்ணு வெள்ளையும் இல்லாம கறுப்பும் இல்லாம இருந்துச்சு, அது எலுமிச்சைச் சாதமா சர்க்கரைப் பொங்கலான்னு தியேட்டர்லேர்ந்து வீடு வரைக்கும் வாக்குவாதம். கடைசியில சல்மா லாத்தா சண்டையே வேண்டாம்னு மலாய்க்காரங்க விசேஷத்துக்குச் செய்வாங்களே, மஞ்சள் போட்டு தேங்காய்ப்பால்ல அவிக்கிற ஒட்டரிசிச் சோறு, நாசி கூஞிட், அதைப் பண்ணிக் கொண்டாந்து வச்சுட்டாங்க. வளையல் விஷயத்துல யாருக்கும் சந்தேகமே வரலை. அந்தப் பொண்ணு கை ரெண்டுலயும் முழங்கை வரைக்கும் வளையல், எல்லாம் கன்னங்கரேல்னு பளபளக்குது. லாத்தா வியாபாரம் பண்றவங்க, பொம்பளைங்க சிவப்பு வாங்குறது பச்சை வாங்குறது எல்லாம் தெரியும், ஆனா ஏழாம் மாசத்துக்கு இதுதான் போலன்னு நினைச்சுக்கிட்டாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். கண்ணால பார்த்ததை யாராவது சந்தேகப்படுவாங்களா? கடையில இருந்த கறுப்பு போதாம அராப் ஸ்ட்ரீட் பூரா அலைஞ்சு சேர்த்துக் கொண்டாந்தாங்க.

அந்த வளைகாப்பு உனக்கு நல்லாத் தெரியும். நீ பாவாடை சட்டை போட்டு நடுவுல நின்னு பாடினே. சித்தி முதல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா, சல்மா லாத்தா அவ கையைப் பிடிச்சு ஒவ்வொண்ணா ஏத்த ஏத்த மெதுவா நிமிர்ந்தா, கடைசியில கையை ஆட்டிச் சத்தம் கேட்டுச் சிரிச்சா. அத்தனை மாசத்துல அவ பல்லு தெரியச் சிரிச்சதை அன்னைக்குத்தான் நான் பார்த்தேன். நாள் நிறைஞ்சு கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில கதிரேசன் பொறந்தான், இப்ப புக்கிட் பாஞ்சாங்குல என்னை விட உயரமா வளர்ந்து நின்னுக்கிட்டு ஒரு வேளைக்கு நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுறான். அப்புறம் அந்த மாடியில யாரு உண்டானாலும் லட்சுமிக்குப் போட்ட மாதிரியே போடுங்கன்னு கேட்டாங்க. பக்கத்து ரோட்டுக்காரங்க கேட்டாங்க. சல்மா லாத்தா மக அஸ்மத் கூட ஆசைப்பட்டுக் கேட்டுக் கறுப்பு வளையல் போட்டுக்கிட்டா. கறுப்பு வளையல் போட்டுப் பொறந்த பிள்ளைங்களை ஒண்ணாக் கூப்பிட்டா நம்ம பிளாக்குக் கீழே நிக்க இடம் பத்தாது. அது நம்ம வழக்கமாவே ஆயிடுச்சு. நீ கல்யாணம் பண்ணி மாப்பிள்ளையோட புறப்பட்டப்ப, நேரம் வரும்போது போட்டுக்கம்மான்னு உன் பெட்டியில நான் வச்சதும் அதுதான்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிஞ்சது பாதி, தெரியாதது பாதி. இனிமே சொல்றது நீ போன பிறகு நடந்தது. போன தீபாவளிக்கு ஒரு கலர்ப் படம் வந்துச்சு. பழைய மாடிக்காரங்க எல்லாரும் எங்கெங்கயோ பிரிஞ்சு போயிட்டோமே, தீபாவளிக்காவது ஒண்ணாப் போவோம்னு ஒரு வரிசை பூராவும் நாங்களே உட்கார்ந்திருந்தோம், சித்தியும் வந்திருந்தா. படத்துல திடீர்னு வளைகாப்பு வருது. தட்டைத் தூக்கிக் காட்டுறான். சிவப்பு, பச்சை, நடுநடுவுல தங்கக் கலர். ஒரு கறுப்பு இல்லை, லீலா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, கறுப்பு வெள்ளைப் படத்துல சிவப்பும் கறுப்பாத்தான் தெரியும், பச்சையும் கறுப்பாத்தான் தெரியும். இத்தனை வருஷம் எங்களுக்கு இது தோணவே இல்லை பாரேன். இலையில சாதம் வச்சாங்க, அந்த நடுச் சாதம் பளிச்சுனு மஞ்சளா இருந்துச்சு, அது ஒண்ணுதான் எங்களுக்குச் சரியா வந்திருக்கு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, சிரிக்கலாம்னு திரும்பிப் பார்த்தா சல்மா லாத்தா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுறாங்க. இடைவேளை வரைக்கும் கூட இருக்க முடியலை அவங்களால, எழுந்து வெளியே போயிட்டாங்க. நாங்களும் ஒவ்வொருத்தரா எழுந்து பின்னாலேயே போனோம்.

வாசல்ல நின்னுக்கிட்டு அவங்க ஒரே புலம்பல். எனக்குத் தெரியாத வழக்கத்துல நான் ஏன் கை வச்சேன், வாழப் போற பிள்ளைங்க கையில எல்லாம் கறுப்பை ஏத்தி விட்டுட்டேனே, எவளுக்காவது ஏதாவது ஆகியிருந்தா அல்லாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்னு. இதுல உங்க குத்தம் என்ன இருக்கு, எல்லாரும் சேர்ந்து பார்த்ததுதானேன்னு நான் சொன்னேன், கேட்கலை. மத்தவங்களும் சொல்லிப் பார்த்தாங்க. உன் சித்தி எங்களை விலக்கிக்கிட்டு முன்னால வந்தா. அப்புறம் கிட்ட போய் அவங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "லாத்தா, அன்னைக்கு நீங்க கறுப்பு கொண்டு வரலேன்னா என் கை வெறுங்கையாத்தான் இருந்திருக்கும்"னு சொன்னா. லாத்தா அவளைக் கட்டிக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தி மெதுவா, பாதிப் படத்துக்குக் காசு போச்சேன்னு சொல்ல, எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அப்புறம் உள்ளே போய் மீதிப் படத்தையும் பார்த்துட்டுத்தான் வந்தோம்.

தம்பிகிட்ட இதைச் சொன்னா அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நாம இப்பத் தனி நாடும்மா, அதெல்லாம் வெளிநாட்டுப் படம்லா, வெளிநாட்டுக்காரன் படத்தைப் பார்த்துட்டு நம்ம வழக்கம்னு சொன்னா எப்படின்னு கேட்கிறான். வெளிநாட்டுப் படம்தான், யாரு இல்லைன்னா. மெட்ராஸ்ல அதை எடுத்தவங்களுக்குக் கம்போங் கப்பூர்ல ஒரு மேல்மாடி இருக்குன்னு தெரியவா போகுது. ஆனா எங்க அம்மா இருந்திருந்தா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதை எனக்கு வேற யாரு காட்டினா? பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா கூட அதேதான் சொல்றாங்க. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது மலாய்தான், அதுலதான் பேசிக்குவோம். அவங்க மக கல்யாணத்துல பெரியவங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கும்பிடுறப்ப பொண்ணு எந்தப் பக்கம் நிக்கணும்னு சண்டை வந்துச்சாம், ஹாங்காங் படம் ஒண்ணுல பார்த்ததை வச்சுத்தான் தீர்த்தாங்களாம். சாமா சாமா, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம். அதனால அந்த மெட்ராஸ்காரம்மா யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு திரும்பக் கேட்டா, சினிமாக்காரன்னு தலை நிமிர்ந்து சொல்லு. அன்னைக்கு அந்த ஹால்ல நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து அழுததும் சினிமா பார்த்துத்தானே.

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்றேன், இதை மட்டும் மாப்பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லாம நீயே வாசி. போன வருஷம் நடந்தது வளையலால இல்லை. நீ நர்ஸு, உனக்கு நான் சொல்லணுமா. ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்கு நீயே தைரியம் சொல்லியிருப்பே. ஆனா உன் மனசு கேட்கலைன்னு எழுதியிருக்கே, அது எனக்குப் புரியுது. கறுப்பு போட்ட உன் சித்திக்குக் கதிரேசன் இருக்கான். எந்தக் கலரும் போடாம, குண்டுச் சத்தத்துல அஞ்சடி சந்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வெறுங்கையோட இருந்தேனே நான், எனக்கு நீ இருக்கே. அப்ப வளையல் எதுக்குன்னு கேட்பே. லீலா, கை வீங்கியிருக்கிற நேரத்துல கண்ணாடி வளையலைத் தானா ஏத்திக்க முடியாது. எதிர்ல ஒருத்தி உட்கார்ந்து, உன் கையைத் தன் கையில வாங்கி, விரலைச் சேர்த்துப் பிடிச்சு அமுக்கி, வலிக்குதாம்மா வலிக்குதாம்மான்னு கேட்டுக்கிட்டே ஏத்தணும். நாலு பேரு அப்படி உன் கையைப் பிடிக்கிறதுக்குத்தான் இந்த ஏற்பாடே. போன வருஷம் நீ யாரும் இல்லாத அறையில, அஞ்சாம் மாசமே, சோப்பு போட்டு நீயே ஏத்திக்கிட்டதா எழுதியிருந்தே. வளையல் கறுப்பா இருந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ தனியாப் போட்டுக்கிட்டதுதான் எனக்குத் தாங்கலை. அதை நினைச்சா ஆப்பக் கரண்டியைக் கையில பிடிச்சபடி அப்படியே நின்னுடுறேன். என் கை அங்க வரைக்கும் நீளாம போச்சே.

அதனால பார்சல்ல வளையல் வச்சிருக்கேன். உன் கடுதாசியை சல்மா லாத்தாகிட்ட நான் காட்டலை, ஏழாம் மாசம்னு மட்டும் சொன்னேன், அவங்களே சிவப்பும் பச்சையும் பொறுக்கி எடுத்து, கை வீங்கியிருக்கும்னு ஒரு அளவு பெரிசாக் கொடுத்தாங்க, காசு கொடுத்தா கோவிச்சுக்கிறாங்க. சித்திகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொன்னேன். அவ தன்னோட பழைய வளையல்ல உடையாம மிஞ்சினதை இத்தனை வருஷமா எடுத்து வச்சிருந்திருக்கா, அதைக் கொண்டாந்து கொடுத்து, போடுறதும் போடாததும் அவ இஷ்டம், ஆனா இது ஒரு பிள்ளையைப் பார்த்த வளையல்னு சொல்லச் சொன்னா. எல்லாத்தையும் என் பழைய கைத்தறிச் சேலையில சுத்தியிருக்கேன். வழியில ஒண்ணு ரெண்டு உடைஞ்சிருந்தா உடனே மனசு கலங்கிடாதே, கண்ணாடின்னா பிளேன்ல உடையத்தான் செய்யும். சேலையை உதறும்போது கீழே பேப்பர் விரிச்சுக்கோ, குத்திடப் போகுது. ஒரு ஞாயித்துக்கிழமையாப் பார்த்து, நீ வாடகைக்கு இருக்கிற வீட்டு வெள்ளைக்கார அம்மாவைக் கூப்பிடு, வார்டுல உன்கூட வேலை செய்யுற ஜமைக்காப் பொண்ணைக் கூப்பிடு. அந்த மெட்ராஸ்காரம்மாவையும் கூப்பிடு. ஆமா, அவங்களைத்தான் சொல்றேன். எனக்குக் கோபம் இன்னும் பாதி இருக்கு, ஆனா அவங்களுக்கு எப்படிப் போடணும்னு தெரியும், மத்தவங்களுக்குச் சொல்லியும் கொடுப்பாங்க. அவங்களும் பாவம், அம்மா வீட்டை விட்டு அவ்வளவு தூரத்துல இருக்காங்க, இல்லேன்னா ஏன் ஹால்ல உட்கார்ந்து அழப் போறாங்க. சாதம் மூணு வகை பண்ணு. அங்க ஒட்டரிசி கிடைக்காது, சும்மா அரிசியில மஞ்சள் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோ. பாட்டு உனக்கே தெரியும்.

ஒரே பக்கமாப் படுக்கிற பழக்கம் உனக்கு இருக்கு, மாத்திப் படு. பனியில நடக்கும்போது மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கோ, வெட்கப்பட வேண்டாம். அவருக்கு என் ஆசிகளைச் சொல்லு, பரீட்சைக்குப் படிக்கிறதை விட உன்னைப் பார்த்துக்கிறது முக்கியம்னு மாமியார் சொன்னதா சொல்லு. அப்பா ஒரு வரி எழுதுங்கன்னா, நீயே எல்லாத்தையும் எழுதிட்டியேங்கிறார், ஆனா உன் பேரைச் சொல்லிப் பெருமாள் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்து பிரசாதப் பூவை இந்த உறையில வச்சது அவர்தான். நீ நூறு வயசு நல்லா இருக்கணும், உன் வயித்துல இருக்கிறது எங்க எல்லாரையும் பார்த்துச் சிரிக்கணும், அந்த மாரியாத்தா உனக்குத் துணை நிப்பா.

ஒண்ணு மறந்துடாதே. வளையல் போட்ட அன்னைக்கு மாப்பிள்ளையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. சிவப்பு போட்டியா, பச்சை போட்டியா, கறுப்பு போட்டியான்னு கடுதாசியில எழுத வேண்டாம். போட்டோவுலயும் அது எனக்குத் தெரியப் போறதில்லை, எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். உன் கையைப் பிடிச்சிருக்கிற கை மட்டும் தெரியுற மாதிரி எடுக்கச் சொல்லு, எனக்கு அது போதும்.

என்றும் உன் நினைப்பிலேயே இருக்கும்
அம்மா
பூவம்மா